பிள்ளையைத் தூக்கியது யார்? மடித்து வைக்கும் ஸ்ட்ரோலரின் கதை



எமது பாடசாலைக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் சென்ற வாரம் ஓய்வறையில் வைத்து எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"சேர், டிசம்பர் லீவுக்கு சிங்கப்பூர் போறம். சின்னவளுக்கு ஒன்றரை வயசு. யூனிவர்சல் ஸ்டூடியோ சுத்திப் பார்க்க எந்த ஸ்ட்ரோலர் வாங்கினா நல்லம்? நீங்க போய் வந்தவங்கதானே?"

ஒரு பெயரைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் ஆறாமல் கிடக்கும் ஒரு புண்ணைத் தொட்டுவிட்டது. வரலாறு படிப்பிக்கும் ஆட்களிடம் கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும். ஆகவே எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

முதலில் எங்கள் தவறு.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் நாங்கள் இருவரும், மகள், மருமகன், பேரப்பிள்ளை என ஐந்து பேராக சிங்கப்பூர் போனோம். பேரனுக்கு அப்போது பதினான்கு மாதம், பத்துக் கிலோ. மருமகன் கட்டாரில் வேலை. பிள்ளை பிறந்ததும் அங்கிருந்து ஆசையோடு ஒரு பெரிய ஸ்ட்ரோலர் அனுப்பியிருந்தார். தடித்த சக்கரம், மெத்தை ஆசனம், கோப்பை வைக்க இடம். ஊரில் பார்த்தவர்கள் எல்லோரும் "மாஷா அல்லாஹ், கார் மாதிரி இருக்கு" என்றார்கள். அதையே பயணத்துக்கும் கொண்டு போனோம்.

முதல் நாளே டெக்சியின் பின்பெட்டிக்குள் அது அடங்கவில்லை. ஆசனத்தைத் தனியாகக் கழற்ற வேண்டும், பிறகு சட்டத்தை மடிக்க வேண்டும், சக்கரத்தையும் கழற்ற வேண்டும். வீதியோரத்தில் நின்று நாங்கள் பட்ட பாடு! இரண்டாம் நாள், பூங்காவுக்குப் போகும் நாள், அதை ஹோட்டல் அறையிலேயே விட்டுவிட்டோம். "தூக்கிட்டுப் போவம், என்ன பெரிய வேலை" என்று சொன்னவர்கள் ஆண்கள் நாங்கள்தான்.

காலை பத்து மணி முதல் மாலை ஏழு மணி வரை பிள்ளையைத் தூக்கியது மகள். நாங்கள் இடையிடையே வாங்கினோம். ஆனால் நித்திரை வந்த பிள்ளை உம்மாவிடம்தான் போகும், பசி வந்தாலும் உம்மாவிடம்தான். அன்று எடுத்த படங்களில் நாங்கள் எல்லோரும் சிரிக்கிறோம். ஒரு படத்தில்கூட மகளின் இரண்டு கைகளும் சும்மா இல்லை.

அன்றிரவு அவள் குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கட்டுக்குத் தைலம் பூசிக்கொண்டிருந்தாள். மணம் வந்துதான் எங்களுக்குத் தெரியும். "ஏன் மகள் சொல்லல்ல?" என்று கேட்டதற்கு, "சொன்னா எல்லாரும் சந்தோஷமா வந்த பயணம் கெட்டுப் போகுமே வாப்பா" என்றாள்.

ஊருக்கு வந்த பின்னும் அந்தப் பதில் எங்களை விடவில்லை. ஸ்ட்ரோலர் என்ற பொருளின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க ஒரு விடயம் புரிந்தது. முதல் இருநூறு வருடக் கதையில் பெரும்பகுதி, வண்டியைத் தள்ளாதவர்களே அதைத் தெரிவு செய்த கதைதான்.

அலங்காரமாகத் தொடங்கியது

எங்கள் உம்மாமாருக்கு பிராம் என்றால் என்னவென்று தெரியாது. வீட்டுக்குள் ஏணை இருந்தது. வெளியே இடுப்பு இருந்தது. பஸ்ஸிலும் மாட்டு வண்டியிலும் வயலோரத்திலும் பிள்ளை இடுப்பிலேயே போனது. உலகின் பெரும்பாலான நாடுகளில் நிலைமை இதுதான். சேலை, துணி, தோல், கூடை என்று கட்டும் பொருள் மாறுமே தவிர, சுமப்பது பெண்ணின் உடம்புதான்.

பிள்ளைக்கென்று சக்கரம் பூட்டிய வண்டியின் கதையை எழுதுபவர்கள் வழமையாக 1733 ஆம் ஆண்டில் தொடங்குவார்கள். இங்கிலாந்தில் டெவன்ஷயர் கோமகனின் பிள்ளைகளுக்காக, வில்லியம் கென்ட் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரும் தோட்டக் கலைஞருமானவர் செய்த வண்டி அது. சிப்பி வடிவத்தில் கூடை, பாம்பு வடிவ வேலைப்பாடு. அதை மனிதர் தள்ளுவதில்லை. ஆடு அல்லது சிறிய குதிரை இழுத்துச் செல்லும். மாளிகைத் தோட்டத்தில் பிள்ளைகள் விளையாட ஒரு சிறிய இரதம் என்று சொல்லலாம். களைத்துப்போன ஒரு தாயை நினைத்து அது செய்யப்படவில்லை. அந்த வீட்டில் பிள்ளை தூக்குவதற்கு வேலையாட்கள் இருந்தார்கள்.

அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் லண்டனில் கைப்பிடி வைத்துத் தள்ளும் வண்டிகள் வந்தன. "பெரம்பியுலேட்டர்" என்று பெயர். உலாவுதல் என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதைச் சுருக்கித்தான் "பிராம்" என்கிறோம். 1877 இல் வில்லியம் வில்சன் என்பவர் லீட்ஸ் நகரில் தொடங்கிய சில்வர் குரொஸ் நிறுவனம், பெரிய சக்கரமும் வில்லும் வைத்த பிராம்களால் பெயர் பெற்றது. பார்க்க அழகு, பிள்ளைக்கு ஆட்டம் இல்லை. ஆனால் அதை மடிக்க முடியாது, படியில் ஏற்ற முடியாது, வீட்டில் வைக்கத் தனி இடம் வேண்டும். தள்ளுபவர் சம்பளம் வாங்கும் தாதி என்பதால், இவற்றைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

காலி முகத்திடலில் ஒரு கல்

இந்த இடத்தில் எமது நாட்டுக்கு ஒரு தரம் வந்து போவோம்.

கொழும்பு காலி முகத்திடலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாத குடும்பம் எமது ஊரில் குறைவு. இஸ்ஸ வடையும் பட்டமும்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அங்கே ஒரு நினைவுக் கல்லும் இருக்கிறது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த நடைபாதை அது என்றும், கொழும்பின் சீமாட்டிகளினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காகத் தனக்குப் பின் வரும் ஆளுநர்கள் அதைப் பேண வேண்டும் என்றும் அந்தக் கல் ஆங்கிலத்தில் சொல்கிறது.

நல்ல எண்ணம்தான். ஆனால் வகுப்பில் நாங்கள் பிள்ளைகளிடம் கேட்பதுண்டு: அந்தக் காலத்தில் அங்கே காற்று வாங்கியது யாருடைய பிள்ளைகள்? அந்தப் பிள்ளைகளோடு பின்னால் நடந்தது யார்?

வெள்ளைக்காரக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது ஆயாமார். "ஆயா" என்ற சொல்லே போர்த்துக்கேய மொழியிலிருந்து எம்மிடம் வந்ததுதான். எசமானியின் பிள்ளையை மாலைக் காற்றுக்குக் கொண்டு போன ஆயாவுக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருந்திருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு அந்த நேரம் யாருடைய இடுப்பு கிடைத்ததோ, எந்தக் கல்லிலும் எழுதப்படவில்லை.

பிள்ளையின் முகத்தைத் திருப்பியவர்

1889 இல் அமெரிக்காவின் பல்டிமோர் நகரைச் சேர்ந்த வில்லியம் ரிச்சர்ட்சன் என்ற கறுப்பின மனிதர் பிள்ளை வண்டியில் ஒரு திருத்தம் செய்து ஆக்கவுரிமை பெற்றார். ஆசனக் கூடையைத் திருப்பி வைக்கலாம். பிள்ளை வீதியையும் பார்க்கலாம், தள்ளுபவரின் முகத்தையும் பார்க்கலாம். சக்கரங்களும் தனித்தனியாகச் சுழன்றதால் சிறிய இடத்திலும் வண்டியைத் திருப்ப முடிந்தது.

அந்த நாட்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது 24 வருடங்கள்தான் ஆகியிருந்தன. தலைமுறை தலைமுறையாகக் கறுப்பினப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு எசமான்களின் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த நாடு அது. அந்தச் சமூகத்திலிருந்து வந்த ஒருவர், பிள்ளையும் தள்ளுபவரும் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும் என்று ஒரு வண்டி செய்தார் என்பதை நாங்கள் சும்மா கடந்து போக விரும்பவில்லை. இன்றைக்கும் விலை கூடிய ஸ்ட்ரோலர்களில் "இரு பக்கமும் திருப்பலாம்" என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்தச் சிந்தனைக்கு இவ்வளவு வயது.

வாங்கில் இருந்த வாப்பாவும் மகளைப் பார்த்த மூத்தாப்பாவும்

இருபதாம் நூற்றாண்டில் கதை மாறுகிறது. இரண்டு ஆண்கள், இருவருமே தங்கள் மகள்மாரைப் பார்த்தவர்கள்.

முதலாமவர் வால்ட் டிஸ்னி. தனது இரண்டு மகள்மாரை லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள கிரிஃபித் பூங்காவுக்குக் கூட்டிப் போவார். பிள்ளைகள் சுற்றும் குதிரையில் ஏறிச் சுற்ற, அவர் ஒரு வாங்கில் தனியே இருப்பார். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் ஏன் இல்லை என்ற எண்ணம் அங்கேதான் வந்தது என்று அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17 இல் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டது. இன்று டோக்கியோ, ஹொங்கொங், சிங்கப்பூர், அபுதாபி என்று நாம் கேள்விப்படும் பூங்காக்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் அந்த முறையைப் பின்பற்றியவை.

ஆனால் அந்த முறையில் ஒரு சுமையும் சேர்ந்து வந்தது. இப்படிப்பட்ட பூங்கா என்பது ஒரு நாள் முழுக்க நடக்கும் இடம். ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு நடை, ஒவ்வொரு விளையாட்டுக்கும் வரிசை, வெயில். வாங்கிலிருந்து வாப்பா எழுந்துவிட்டார், சரி. நடக்கத் தெரியாத பிள்ளையை யார் தூக்குவது?

இரண்டாமவர் ஓவன் மக்லாரன். இங்கிலாந்தைச் சேர்ந்த விமானப் பொறியியலாளர். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கரத் தொகுதியில் வேலை செய்தவர். விமானம் மேலெழும்பியதும் சக்கரக் கால்கள் மடிந்து இறக்கைக்குள் போய்விடுமே, அந்த வேலை. பாரம் தாங்க வேண்டும், இலேசாக இருக்க வேண்டும், சிறிய இடத்துக்குள் மடிய வேண்டும்.

ஓய்வுபெற்ற வயதில், வெளிநாட்டிலிருந்து பேரப்பிள்ளையோடு வந்த தன் மகள் பாரமான தள்ளுவண்டியோடு பயணத்தில் படும் பாட்டை அவர் பார்த்தார். ஆறுதல் சொல்லிவிட்டுப் போகவில்லை. தனக்குத் தெரிந்த வேலையை எடுத்தார். இலேசான அலுமினியக் குழாய், கத்தரிக்கோல் போலக் குறுக்காகப் பூட்டிய சட்டம், தொட்டில் போலத் தொங்கும் துணி ஆசனம். பக்கவாட்டிலும் மடியும், முன்பின்னாகவும் மடியும். மடித்தால் ஒரு குடையைப் போல மெலிந்துவிடும். 1965 இல் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். 1967 இல் விற்பனைக்கு வந்தது. எடை ஏறத்தாழ 6 இறாத்தல், அதாவது மூன்று கிலோவுக்கும் குறைவு.

ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறு கையாலும் காலாலும் மடித்துவிடலாம் என்பதுதான் அதன் சிறப்பு. அதாவது, கூடவே வேலையாள் இல்லாத ஒரு தாய், பஸ் வந்து நிற்கும்போது என்ன செய்வாள் என்று யோசித்துச் செய்த வண்டி. பஸ்ஸில் ஏற்றலாம், படியில் தூக்கலாம், கதவுக்குப் பின்னால் சாத்தி வைக்கலாம். இன்று உலகெங்கும் "அம்ப்ரெல்லா ஸ்ட்ரோலர்" என்று விற்கப்படும் அத்தனைக்கும் அதுதான் முன்னோடி.

இதைப் படித்தபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அந்த மூத்தாப்பா மகளின் பாரத்தைக் கண்ணால் கண்டதும் புரிந்துகொண்டார். நாங்கள் தைலத்தின் மணம் வந்த பிறகுதான் புரிந்துகொண்டோம்.

மடிப்பில் இருந்த ஆபத்து

வரலாற்றை ஒரு பக்கமாக மட்டும் சொல்லக் கூடாது. மடியும் பொருளில் கீல் இருக்கும். கீல் இருந்தால் விரல் அகப்படும். 2009 நவம்பரில் அமெரிக்காவில் மக்லாரன் பெயரில் விற்ற ஏறத்தாழ பத்து இலட்சம் ஸ்ட்ரோலர்களுக்கு மீளழைப்பு அறிவிக்கப்பட்டது. விரிக்கும்போது கீலுக்குள் அகப்பட்டு, 12 பிள்ளைகளின் விரல் நுனி துண்டான முறைப்பாடுகள் வந்திருந்தன. கீலை மூடும் உறைகளை நிறுவனம் இலவசமாக வழங்கியது. ஆகவே எந்த ஸ்ட்ரோலரையும் விரிக்கும்போதும் மடிக்கும்போதும் பிள்ளை எட்ட நிற்க வேண்டும். பழையது வாங்கினால் கீலுக்கு உறை இருக்கிறதா என்று பாருங்கள்.

2012 இல் பிரான்ஸின் பேபிசென் நிறுவனம் "யோயோ" என்ற வண்டியைக் கொண்டு வந்தது. குடை போல நீளமாக மடியாமல் ஒரு பயணப் பை போலச் சதுரமாக மடிந்தது. மடித்தால் 52 x 44 x 18 சென்டிமீற்றர். எடை ஏறத்தாழ ஆறு கிலோ. விமானத்தின் மேல் தட்டில் வைக்கும் அளவை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அதன் பிறகு அதே பாணியில், விலை குறைந்தவையும் கூடியவையுமாகப் பலது வந்துவிட்டன.

பூங்காக்களும் இதைக் கவனித்தன. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்கள் 2019 மே 1 முதல் ஒரு விதி வைத்தன: 31 அங்குலத்துக்கு மேல் அகலமோ 52 அங்குலத்துக்கு மேல் நீளமோ உள்ள ஸ்ட்ரோலருக்கு உள்ளே இடமில்லை. இழுத்துச் செல்லும் வண்டிகளுக்கும் தடை. நெரிசல்தான் காரணம்.

சரி, எதை வாங்குவது?

தம்பி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறோம்.

ஒன்று. கடைக்கு உங்கள் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் அவர் அதை மடித்து, தூக்கி, நாலு அடி நடந்து பார்க்கட்டும். நீங்களும் அப்படியே செய்து பாருங்கள். கடைக்காரர் மடித்துக் காட்டுவது கணக்கில்லை. எங்கள் வீட்டில் இந்தச் சோதனை நடந்திருந்தால் அந்தப் பெரிய வண்டி விமானம் ஏறியிருக்காது.

இரண்டு. எடை ஏழு கிலோவுக்குள் இருக்கட்டும். மடித்த அளவை நாடாவால் அளந்து, நீங்கள் போகும் விமான நிறுவனத்திடம் கேளுங்கள். சிலர் உள்ளே கொண்டு போக விடுவார்கள். சிலர் விமான வாசலில் வாங்கி, இறங்கும்போது தருவார்கள். "கெபினுக்குப் போகும்" என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

மூன்று. முதுகு சாய வேண்டும், வெயில் மறைப்பு நீளமாக இருக்க வேண்டும். ஒன்றரை வயதுப் பிள்ளை பகலில் கட்டாயம் தூங்கும். மிக மலிவான குடை வண்டிகளில் பல சாய்வதில்லை, தலை தொங்கிக்கொண்டிருக்கும். இன்னும் நேராக உட்காராத கைக்குழந்தைக்கு இவை பொருந்தாது, தட்டையாகப் படுக்க வைப்பது வேண்டும். வெயிலுக்காகத் துணியால் முழுதாக மூடாதீர்கள். உள்ளே காற்றில்லாமல் சூடு ஏறும்.

நான்கு. இடுப்போடு தோளையும் சேர்த்துக் கட்டும் ஐந்து முனைப் பட்டி இருக்கட்டும். பிரேக்கை அழுத்திப் பாருங்கள். கைப்பிடியில் பாரமான பைகளைத் தொங்கவிட வேண்டாம். இலேசான வண்டி, பிள்ளையை எடுத்தவுடன் பின்பக்கம் விழும்.

ஐந்து. பல பெரிய பூங்காக்களில் ஸ்ட்ரோலர் வாடகைக்கும் கிடைக்கும். ஆனால் அது பூங்கா வாயிலோடு நின்றுவிடும். விமான நிலையம், ரயில், ஹோட்டல் வரைக்கும் உள்ள நடைக்கு உதவாது. பயணம் முழுவதும் வாகனத்தில்தான் என்றால் வாடகை போதும். இல்லாவிட்டால் சொந்தமானது நல்லது. விளையாட்டு வரிசைகளுக்குள் பெரும்பாலும் வண்டியை விடமாட்டார்கள், வெளியே நிறுத்த வேண்டும். அதனால் கைப்பிடியில் ஒரு நிறத் துணி கட்டி வையுங்கள், திரும்பி வந்து தேடச் சுகம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தச் சின்னச் சக்கரம் பூங்காவின் மழமழப்பான தரைக்குத்தான். எமது ஊர் மணல் ஒழுங்கைகளில் இரண்டு அடி போகாது. ஆகவே "ஊரிலயும் பாவிக்கலாம்" என்று நினைத்துப் பெரியதை வாங்கிப் பயணத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஊருக்கு ஏணையும் இடுப்பும் இருக்கின்றன, அந்த இடுப்பு ஒருவருடையதாக மட்டும் இருக்காமல் பார்த்துக்கொள்வோம்.

ஏனென்றால் எவ்வளவு நல்ல வண்டி வாங்கினாலும், வரிசையில் பிள்ளையைத் தூக்கத்தான் வேண்டும். பூங்காவுக்குள் போகுமுன்னரே முறை போட்டுக்கொள்ளுங்கள்: இந்த விளையாட்டுக்கு வாப்பா, அடுத்ததுக்கு உம்மா, அதற்கடுத்ததுக்கு மூத்தாப்பா. பிள்ளை அழும். அழட்டும், இரண்டாம் தரம் பழகிவிடும். எங்கள் பேரன் இப்போது எங்கள் தோளிலும் நித்திரை கொள்கிறான், அல்ஹம்துலில்லாஹ். பழக்கவில்லை என்பதுதான் எங்கள் பிழை. அவனுடையதல்ல.

சென்ற வருடம் மகளே கடைக்குப் போய், தானே மடித்துப் பார்த்து, ஆறு கிலோவில் ஒன்று வாங்கினாள். நுவரெலியா போய் வந்தோம். அந்தப் பயணத்துப் படமொன்றில் அவள் இரண்டு கையாலும் சோளம் பிடித்துத் தின்கிறாள். அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி முன் மண்டபத்தில் மாட்டியிருக்கிறோம்.

பேரன் வளர்ந்துவிட்டான், வண்டி இப்போது சும்மா கிடக்கிறது. ஒரு பிள்ளைக்கு இது இரண்டு மூன்று வருடப் பொருள்தான். ஒவ்வொரு வீடும் தனித்தனியாகக் காசைக் கொட்டத் தேவையில்லை, ஊருக்குள் கைமாறட்டும். தம்பி, ஞாயிற்றுக்கிழமை அசருக்குப் பிறகு வீட்டுக்கு வாங்க, எடுத்துக்கொண்டு போகலாம்.

ஆனால் தனியாக வர வேண்டாம். மனைவியும் வந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தரம் மடித்துப் பார்க்கட்டும். அவருக்குச் சரி என்றால்தான் தருவோம்.